பிளெண்டரில் செய்து கோடோவில் ஓடவிடுவது: அசையும் கதாபாத்திரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமுக்காகக் கதாபாத்திரம் செய்யப் பழகுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதில்கள் பிளெண்டர் 4 (முப்பரிமாண உருவம் செய்து அசைக்கும் மென்பொருள்), கோடோ 4 (கேமை ஓடவைக்கும் எஞ்சின்) இரண்டையும் மனத்தில் வைத்து எழுதியவை. யூனிட்டி, அன்ரியல் என்ற மற்ற எஞ்சின்கள் எங்கே வேறுபடுமோ அங்கே மட்டும் சொல்லியிருக்கிறேன்.

1. எனக்கு வரையவே வராது சார். இதுல இறங்கலாமா வேண்டாமா?

இறங்கலாம். வரையத் தெரிந்தால் வசதி, தெரியாவிட்டால் தடை இல்லை. இதில் நான்கு தனித்தனி வேலைகள் இருக்கின்றன: உருவம் செய்வது, மேல்பூச்சு கொடுப்பது, உள்ளே எலும்பு வைப்பது, அசைப்பது. பெரிய ஸ்டூடியோக்களில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். எலும்பு வைப்பதற்கு, அதாவது ரிக்கிங்குக்கு, ஓவியக் கை தேவையே இல்லை. கணக்கும் பொறுமையும் உள்ளவர்கள்தான் அதில் நன்றாக வருகிறார்கள்.

எல்லாருக்கும் தேவைப்படுவது கவனிப்பு. பஸ் படியில் ஏறுகிறவரைப் பாருங்கள். கால் தூக்குவதற்கு முன்பே உடம்பு இன்னொரு காலின் மேல் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வைக் கவனித்தவர் செய்யும் கட்டைப் பொம்மைகூட உயிரோடு நடக்கும்.

2. பிளெண்டரா மாயாவா? கம்பெனில மாயாதானே கேக்குறாங்க அண்ணா?

சினிமா விஎஃப்எக்ஸ் வேலைதான் இலக்கு என்றால் மாயா என்ற முப்பரிமாண மென்பொருள் ஒருநாள் தேவைப்படும். சொந்தமாக கேம் செய்யவும், தொழில் பழகவும் பிளெண்டர் போதும். அது இலவசம், மூல நிரலும் திறந்தது. 2002-இல் அதை நடத்திவந்த கம்பெனி மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டோன் ரோசண்டால் பயனர்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி, மென்பொருளை எல்லாருக்கும் பொதுவாக்கினார்.

மெஷ்ஷின் (உருவத்தின் வலைப்பின்னல் பரப்பு) கோடுகள் எப்படி ஓட வேண்டும், எந்த எலும்பு எதை இழுக்க வேண்டும், அசைவின் வேகம் எங்கே குறைய வேண்டும் என்பதெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பட்டன் இருக்கும் இடம்தான் மாறும். கைக்கு வந்த தொழிலை இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோக ரொம்ப நாள் ஆகாது.

3. என் லேப்டாப் தாங்குமா? கிராஃபிக்ஸ் கார்டு தனியா இல்ல.

8 ஜிபி ராம் இருந்தால் கேம் மாடல் வேலைக்குப் போதும். இங்கே நாம் சினிமாத் தரத்தில் ரெண்டர் செய்யப்போவதில்லை. ரொம்பப் பழைய லேப்டாப் என்றால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: விண்டோஸிலும் லினக்ஸிலும் பிளெண்டர் 4.0 முதல் ஓப்பன்ஜிஎல் 4.3 வேண்டும். அது இல்லாவிட்டால் 3.6 பதிப்பைப் போட்டு ஓட்டலாம்.

டச்பேடில் மாடலிங் செய்வது வதை. நடு பட்டன் உள்ள சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். நம்பர்பேட் இல்லாத கீபோர்டு என்றால் செட்டிங்ஸில் ‘எமுலேட் நம்பேட்’ போட்டுக்கொண்டால் மேல் வரிசை எண்களே அந்த வேலையைச் செய்யும்.

4. எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்? நேரா முழு மனுஷனே செஞ்சிடலாமா?

செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓர் அசிங்கமான பொம்மை செய்யுங்கள். ஒரு பெட்டி உடம்பு, ஒரு பெட்டித் தலை, நான்கு குச்சிகள். உள்ளே பத்துப் பன்னிரண்டு எலும்பு. இரண்டே அசைவுகள்: சும்மா நிற்பது, நடப்பது. அதை எக்ஸ்போர்ட் செய்து, எஞ்சினில் ஏற்றி, அம்புக்குறிப் பட்டனை அழுத்தினால் நடக்கும்வரை கொண்டுபோங்கள். முகம், விரல், சட்டைப் பட்டன் எதையும் தொடாதீர்கள்.

ஏன் என்றால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் கலை சம்பந்தப்பட்டவை இல்லை. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடத்தில் வருபவை. மாதக்கணக்கில் முகத்தைச் செதுக்கிவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும் நாளில் முட்டி தப்பான பக்கம் மடங்குகிறது என்று வருபவர்கள் ஏராளம். அந்த நிலையில் சரிசெய்ய எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பெட்டிப் பொம்மையில் அதே கோளாறு வந்தால் அழித்துவிட்டு இன்னொன்று செய்ய ஒரு மாலை போதும். அந்தப் பாதை ஒருமுறை திறந்துவிட்டால், அப்புறம் உருவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றலாம்.

5. எத்தனை பாலிகான் வரைக்கும் போகலாம்?

எஞ்சின் பாலிகானை (மெஷ்ஷின் பரப்புத் துண்டு) முக்கோணங்களாகத்தான் எண்ணும். நீங்கள் செய்யும் ஒரு நாற்கட்டம் அங்கே இரண்டு முக்கோணம். நடுத்தர மொபைல் கேமில் நாயகனுக்கு 3,000 முதல் 8,000 முக்கோணம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. கம்ப்யூட்டர் கேம் என்றால் 15,000, 30,000 என்று தாராளமாகப் போகலாம். இது என் கைக்கணக்குதான், சட்டம் இல்லை. திரையில் கட்டைவிரல் உயரத்தில் தெரியப்போகும் ஆளுக்கு மூக்குத்துவாரம் செய்வது வீண்.

லட்சக்கணக்கில் செதுக்கிய சிற்பத்தை அப்படியே எடுத்துவராதீர்கள். அதன் மேல் எளிய மெஷ் ஒன்றை மறுபடி கட்டி, நுணுக்கங்களை நார்மல் மேப்பாக (மேடு பள்ளத்தை நிறமாகக் காட்டும் படம்) பேக் செய்ய, அதாவது படத்தில் பதிக்க, வேண்டும். இன்னொன்று: முக்கோணத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, ஒரே ஆளுக்கு ஏழெட்டு மெட்டீரியல் (மேல்பூச்சு) வைக்கிறார்கள். ஒவ்வொரு மெட்டீரியலும் தனித்தனியாக வரையப்படுவதால் போன் அங்கேதான் திணறும். ஒரு ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

6. கையை விரிச்ச டி-போஸா, சாய்ச்ச ஏ-போஸா?

ஏ-போஸ். கேமில் கை பெரும்பாலும் கீழேதான் இருக்கும், அதனால் தோள்பட்டை அதற்கு நெருக்கமாக இருந்தால் மடிப்பு கெடாது. யூனிட்டியின் ஹியூமனாய்டு அமைப்பு டி-போஸை எதிர்பார்க்கும், ஆனால் அங்கேயே திருத்திக்கொள்ள பட்டன் இருக்கிறது. எந்த போஸானாலும் முழங்கையையும் முட்டியையும் இயல்பாக மடங்கும் பக்கம் இம்மியளவு வளைத்து வையுங்கள். எலும்புகள் நேர்க்கோட்டில் இருந்தால் ஐகே (கை கால் நுனியை இழுத்தால் மற்ற எலும்புகளைத் தானே மடக்கும் அமைப்பு) எந்தப் பக்கம் மடக்குவது என்று தெரியாமல் பின்பக்கமாகவும் மடக்கிவிடும்.

7. முழங்கையை மடக்கினா அந்த இடமே உள்ள போய் நசுங்குது. என்ன பண்றது?

இரண்டு காரணம், இரண்டையும் பார்க்க வேண்டும். முதலாவது மெஷ். மூட்டில் ஒரே ஒரு வளையக் கோடு இருந்தால் நசுங்காமல் வேறு வழியில்லை. குறைந்தது மூன்று வளையம் வேண்டும். முழங்கையின் வெளிப்பக்கம் அவை அகன்றும், உள்மடிப்பில் நெருங்கியும் இருக்கட்டும். முட்டிக்கும் விரலுக்கும் இதேதான், பக்கம் மட்டும் மாறும்.

இரண்டாவது வெயிட். வெயிட் பெயின்டில் நீலம் சுழி, சிவப்பு ஒன்று. ஒரு புள்ளியை இரண்டு எலும்புகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கும் குழந்தைபோல நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அந்த எண். நடு வளையத்துக்கு மேற்கை எலும்பு 0.5, முன்கை எலும்பு 0.5 கொடுங்கள். தோள் பக்கத்து வளையத்துக்கு மேற்கை 0.8, முன்கை 0.2. மணிக்கட்டுப் பக்கத்து வளையத்துக்கு அதைத் தலைகீழாக. கொடுத்துவிட்டு முன்கை எலும்பை 90 டிகிரி மடக்கி வைத்தபடியே பெயின்ட் செய்யுங்கள். நேராக இருக்கும் கையில் பூசும்போது எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

ஒரு பொறி இருக்கிறது. பிளெண்டரின் ஆர்மெச்சர் (எலும்புக்கூடு) மாடிஃபயரில் ‘பிரிசர்வ் வால்யூம்’ என்று ஒரு டிக் உண்டு. போட்டதும் மூட்டு அழகாகப் பருத்து நிற்கும். ஆனால் அந்தக் கணக்கு எக்ஸ்போர்ட்டில் வராது, எஞ்சின் சாதாரண முறையில்தான் மடக்கும். அதனால் அதை ஆஃப் செய்துவிட்டே வேலை பாருங்கள். பிளெண்டரில் நன்றாக இருந்தது எஞ்சினில் நசுங்கியது என்றால் முதல் சந்தேகம் இந்த டிக் மேல்தான்.

8. கன்ட்ரோல் பி அடிச்சு ஆட்டோமேட்டிக் வெயிட் குடுத்தா ‘போன் ஹீட் வெயிட்டிங்’னு எரர் வருது. எலும்பு ஒட்டவே மாட்டேங்குது.

மெஷ்ஷுக்குள் குப்பை இருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்த புள்ளிகள், உள்ளே மறைந்திருக்கும் தேவையற்ற பரப்புகள், தலைகீழான நார்மல்கள் (பரப்பு பார்க்கும் திசை). எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்து எம் அழுத்தி ‘மெர்ஜ் பை டிஸ்டன்ஸ்’, அப்புறம் ஷிஃப்ட் என். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் உருவம் ரொம்பச் சிறியதாக இருக்கலாம். மெஷ், எலும்புக்கூடு இரண்டையும் சேர்த்துப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஒட்டி, மறுபடி சிறிதாக்கினால் வேலை செய்யும். அதன்பின் ஸ்கேலை அப்ளை செய்ய மறக்காதீர்கள். ஏன் என்பது 16-இல் இருக்கிறது.

9. நடக்கவிட்டா சட்டையோட ஒரு புள்ளி மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது. ரப்பர் மாதிரி இழுபடுது.

அந்தப் புள்ளிக்கு எந்த எலும்பும் பொறுப்பில்லை, அல்லது தப்பான எலும்பு பொறுப்பில் இருக்கிறது. அதைத் தேர்ந்து என் பேனலில் பாருங்கள், யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் இருக்கும். பட்டியலே இல்லையென்றால் பக்கத்துப் புள்ளியின் வெயிட்டை காப்பி செய்யுங்கள்.

பிளெண்டரில் சரியாக இருந்து எஞ்சினில் மட்டும் இழுபட்டால் விஷயம் வேறு. எஞ்சின்கள் வழக்கமாக ஒரு புள்ளிக்கு நான்கு எலும்பு வரைதான் எடுத்துக்கொள்ளும். ஐந்தாவது எலும்பின் பங்கு வெட்டப்படும். வெயிட்ஸ் மெனுவில் ‘லிமிட் டோட்டல்’ 4 போட்டு, பிறகு ‘நார்மலைஸ் ஆல்’ கொடுத்து, அதன்பின் மூட்டுகளை ஒருமுறை மடக்கிப் பாருங்கள்.

தொப்பி, கண் விழி, கத்தி உறை போன்ற விறைப்பான பொருள்களுக்குப் பெயின்ட்டே வேண்டாம். மொத்தத்தையும் ஒரே எலும்புக்கு 1.0 என்று எழுதிவிடுங்கள்.

10. எலும்பு எத்தனை வேணும்? பேரு எப்படி வைக்கிறது?

விரல் தனித்தனியாக அசைய வேண்டாம் என்றால் இருபது, இருபத்தைந்தில் ஒரு ஆள் முடிந்துவிடும். காலடியில், தரையில், எல்லாவற்றுக்கும் தாயாக ஒரு ரூட் எலும்பு வையுங்கள். இடுப்பு அதற்குப் பிள்ளை. இப்போது அது வீண் என்று தோன்றும், 13-ஆம் கேள்வியில் கை கொடுக்கும்.

இடது வலது எலும்புகளின் பெயர் முடிவில் ‘.எல்’, ‘.ஆர்’ என்பதற்கான ஆங்கில எழுத்தைப் போடுங்கள். இடது என்பது கதாபாத்திரத்தின் இடது, உங்கள் இடது அல்ல. இப்படி வைத்தால் ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு ‘சிமெட்ரைஸ்’ கொடுக்கலாம், ஒரு போஸைக் காப்பி செய்து கன்ட்ரோல் ஷிஃப்ட் வி அழுத்தினால் கண்ணாடி பிம்பமாக ஒட்டும். எலும்புப் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பிளெண்டர் ஏற்கும். ஆனால் பிறர் செய்த கருவிகள் ஆங்கிலப் பெயரைத்தான் தேடும் என்பதால் வேண்டாம்.

11. ரிகிஃபை போட்டா சூப்பரா இருக்கு. எஞ்சின்ல போனா நூத்துக்கணக்குல எலும்பு கொட்டுது!

ரிகிஃபை என்ற பிளெண்டர் துணைக்கருவி உருவாக்குவதில் பெரும்பகுதி அனிமேட்டர் பிடித்து இழுக்கும் கைப்பிடிகளும் உள் இயந்திரங்களும்தான். மெஷ்ஷை உண்மையில் அசைப்பவை ‘டெஃப்’ என்று தொடங்கும் எலும்புகள் மட்டுமே. எக்ஸ்போர்ட்டில் ‘டிஃபார்மேஷன் போன்ஸ் ஒன்லி’ டிக் செய்தால் கூட்டம் குறையும்.

குறைந்தாலும் முழுத் தீர்வு இல்லை. அந்த டெஃப் எலும்புகளின் தாய்-பிள்ளைத் தொடர்ச்சி பல இடங்களில் உள் எலும்புகள் வழியாகப் போவதால், எஞ்சினுக்கு வரும்போது வரிசை ஒழுங்காக இருக்காது. பிறர் அசைவை மாட்டிவிட முயன்றால் அங்கே இடிக்கும். முதல் சில கதாபாத்திரங்களுக்கு எலும்புகளை நீங்களே கையால் வையுங்கள். எது எதை இழுக்கிறது என்று புரிந்தபின் ரிகிஃபைக்குப் போனால் அது உதவி, அதற்கு முன் போனால் தலைவலி.

12. கால்ல ஐகே போட்டு அனிமேட் பண்ணிருக்கேன். அந்த ஐகே எஞ்சினுக்கு வருமா?

ஐகே வராது, அதனால் உண்டான அசைவு வரும். கட்டுப்பாடுகள் எதுவும் கோப்பில் போகாது. எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒவ்வொரு ஃப்ரேமிலும் எலும்பு எங்கே இருந்தது என்று பதிவாகிறது. ‘சாம்ப்ளிங் அனிமேஷன்ஸ்’ என்ற டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், எடுக்காதீர்கள். மேடு பள்ளத்தில் பாதம் தரையோடு பொருந்த வேண்டும் என்றால் அதற்கு எஞ்சினுக்குள் தனியாக ஐகே அமைக்க வேண்டும்.

13. நடக்கும்போது கால் வழுக்குது. ஐஸ் மேல நடக்குற மாதிரியே இருக்கு.

அசைவின் வேகமும் நிரலில் கொடுத்த வேகமும் பொருந்தவில்லை. கணக்குப் போட்டுவிடலாம். நின்ற இடத்திலேயே நடக்கும் அசைவில், தரையில் ஊன்றிய பாதம் முன்னிருந்து பின்னுக்கு நகரும். அது 12 ஃப்ரேமில் 0.7 மீட்டர் நகர்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 12 ஃப்ரேம் அரை நொடி. ஆக நொடிக்கு 1.4 மீட்டர். கோடோ நிரலில் வேகம் 1.4 என்று போட்டால் பாதம் தரையில் ஒட்டும். 5 என்று போட்டுவிட்டு அனிமேஷனைக் குறை சொல்லக் கூடாது. ஊன்றிய பாதம் ஒரே சீராக நகர வேண்டும் என்பதும் முக்கியம். கிராஃப் எடிட்டரில் (அசைவைக் கோடாகக் காட்டும் இடம்) அந்தப் பகுதி வளைந்திருந்தால் நேர்க்கோடாக்குங்கள்.

இன்னொரு வழி ரூட் மோஷன். கதாபாத்திரம் பிளெண்டரிலேயே முன்னால் நடந்து போகும், அந்த நகர்வை 10-இல் சொன்ன ரூட் எலும்பு சுமக்கும், எஞ்சின் அதைப் படித்து ஆளை நகர்த்தும். வாள்வீச்சு, சுவர் ஏறுவது போன்றவற்றுக்கு இது அருமை. பட்டனை அழுத்தியதும் பாய வேண்டிய ஓட்ட கேமுக்கு நின்ற இடத்து அசைவே நல்லது, கைக்கு உடனே கேட்கும்.

14. நடை ஒரு சுத்து முடிஞ்சு திரும்ப ஆரம்பிக்கும்போது ஒரு சின்ன விக்கல் வருது அக்கா.

24 ஃப்ரேம் நடையில் வழக்கமான அமைப்பு இது: 1-இல் குதிகால் தொடுகிறது, 4-இல் உடம்பு தாழ்கிறது, 7-இல் ஒரு கால் மற்றதைக் கடக்கிறது, 10-இல் உடம்பு உயர்கிறது, 13-இல் மறு கால் தொடுகிறது. அப்புறம் இதே வரிசை பக்கம் மாற்றி. 25-ஆவது ஃப்ரேம் 1-இன் அச்சு நகலாக இருக்க வேண்டும். எக்ஸ்போர்ட்டில் 1 முதல் 25 வரை போகட்டும். பிளெண்டருக்குள் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் 24-இல் முடியுங்கள், இல்லாவிட்டால் ஒரே போஸ் இரண்டு ஃப்ரேம் நிற்கும்.

நகல் சரியாக இருந்தும் விக்கினால் வளைவைப் பாருங்கள். முதல் கீயிலும் (போஸைப் பதிந்த ஃப்ரேம்) கடைசிக் கீயிலும் வளைவு தட்டையாகிவிடுவதால் அசைவு அங்கே மெதுவாகி மறுபடி வேகமெடுக்கிறது. கிராஃப் எடிட்டரில் ஷிஃப்ட் இ அழுத்தி ‘மேக் சைக்ளிக்’ கொடுங்கள். கோடோவில் ஒரு சுற்றோடு நின்றுவிட்டால் அது வேறு: அசைவின் பெயர் முடிவில் ‘லூப்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் இம்போர்ட் ஆகும்போதே சுற்றும்படி அமைந்துவிடும்.

15. நிக்குறது, நடக்குறது, குதிக்குறதுனு மூணு செஞ்சேன். ஃபைலை மூடித் திறந்தா ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் எங்க போச்சு?

போய்விட்டது. பிளெண்டர் ஒவ்வொரு அசைவையும் ‘ஆக்‌ஷன்’ என்று தனித்தனியாக வைத்திருக்கும். யாரும் பயன்படுத்தாத ஆக்‌ஷனைச் சேமிக்கும்போது விட்டுவிடும். பழைய ஆக்‌ஷனை விலக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கினால் பழையது அநாதை. ஆக்‌ஷன் எடிட்டரில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கேடயச் சின்னத்தை அழுத்தினால் அது காப்பாற்றப்படும். ஆக்‌ஷன் பெயரை எழுதியதும் கேடயத்தை அழுத்துவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காப்பாற்றியவை எல்லாம் எஞ்சினுக்கு வருவதற்கு இன்னொரு படி. ஒவ்வொரு ஆக்‌ஷனையும் ‘ஸ்டாஷ்’ அல்லது ‘புஷ் டவுன்’ செய்து என்எல்ஏ (அசைவுகளை அடுக்கிவைக்கும் எடிட்டர்) தடத்தில் போடுங்கள். தடத்தில் இருப்பவை தனித்தனி அனிமேஷனாக ஜிஎல்டிஎஃப் (எஞ்சினுக்குக் கொண்டுபோகும் வடிவம், 17-ஐப் பாருங்கள்) கோப்பில் ஏறும்.

16. எஞ்சின்ல போட்டா ஆளு எறும்பு சைஸ்ல இருக்கு, இல்லன்னா மல்லாக்கப் படுத்திருக்கு, இல்லன்னா முதுகைக் காட்டிட்டு ஓடுது.

மூன்றும் மூன்று விதம். அளவு: பிளெண்டரில் ஆப்ஜெக்ட் மோடில் பெரிதாக்கியிருப்பீர்கள், ஸ்கேல் 1 என்று இருக்காது. கன்ட்ரோல் ஏ அழுத்தி அப்ளை செய்யுங்கள். இதை எலும்பு வைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அசைவெல்லாம் முடிந்தபின் எலும்புக்கூட்டின் ஸ்கேலை அப்ளை செய்தால் இடம்பெயர்வுக் கீக்கள் பழைய அளவிலேயே இருக்கும், இடுப்பு எங்கோ பறக்கும்.

படுத்திருப்பது: பிளெண்டரில் மேல்திசை இசட், கோடோவிலும் யூனிட்டியிலும் ஒய். ஜிஎல்டிஎஃப் இதைத் தானே மாற்றிக்கொள்ளும், இன்னொரு கோப்பு வடிவமான எஃப்பிஎக்ஸில்தான் தொல்லை. யூனிட்டியில் எக்ஸ் சுழற்சி மைனஸ் 90 என்று வந்து நின்றால் அங்கே இம்போர்ட் அமைப்பில் ‘பேக் ஆக்சிஸ் கன்வர்ஷன்’ டிக்கைப் போட்டுப் பாருங்கள், ஸ்கேல் 100 என்று வந்தால் எஃப்பிஎக்ஸ் எக்ஸ்போர்ட்டில் ‘அப்ளை ஸ்கேலிங்ஸ்’ என்பதை ‘எஃப்பிஎக்ஸ் ஆல்’ ஆக்கிப் பாருங்கள்.

முதுகு: பிளெண்டரில் மைனஸ் ஒய் பார்த்து நிற்கும் ஆள் கோடோவில் பிளஸ் இசட் பார்ப்பார். கோடோவின் கணுக்களுக்கு (நோடு) முன்திசை மைனஸ் இசட். மாடலை, ஆளை நகர்த்தும் கேரக்டர்பாடி என்ற கணுவுக்குக் கீழே பிள்ளையாக வைத்து, மாடலை மட்டும் 180 டிகிரி திருப்புங்கள்.

17. எஃப்பிஎக்ஸா, ஜிஎல்டிஎஃப்பா?

கோடோவுக்கு ஜிஎல்டிஎஃப், கண்ணை மூடிக்கொண்டு. க்ரோனோஸ் குழுமம் வெளியிட்ட திறந்த வடிவம், இப்போதுள்ள 2.0 பதிப்பு 2017-இல் வந்தது. டெக்ஸ்சரும் உள்ளேயே அடங்கும் ஜிஎல்பி என்ற ஒற்றைக் கோப்பாக எடுங்கள். பிளெண்டர் இருக்கும் இடத்தை கோடோவுக்குக் காட்டிவிட்டால் பிளெண்டர் கோப்பையே நேராக எடுத்துக்கொள்ளும், பின்னணியில் அதுவும் ஜிஎல்டிஎஃப்பாகத்தான் மாறுகிறது.

யூனிட்டி, அன்ரியல் இரண்டிலும் எஃப்பிஎக்ஸ்தான் இன்னும் வழக்கம். அது ஆட்டோடெஸ்கின் சொந்த வடிவம். எக்ஸ்போர்ட் செய்யும்போது ‘ஆட் லீஃப் போன்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு விரல் நுனியிலும் வேண்டாத எலும்பு முளைக்கும்.

18. பிளெண்டர்ல கலரெல்லாம் சூப்பரா இருந்துச்சு. எஞ்சின்ல வெள்ளையா வருது. சட்டையில ஓட்டை வேற.

நாய்ஸ், வொரோனாய் போன்ற கணுக்களால் செய்த வண்ணம் பிளெண்டரின் சொந்தக் கணக்கு, வெளியே வராது. அதைப் படமாக பேக் செய்து, பிரின்சிப்பிள்டு ஷேடரில் மாட்டினால்தான் எஞ்சினுக்குப் புரியும். அன்ரியலுக்குப் போகிறவர்கள் நார்மல் மேப்பின் பச்சைச் சேனலைத் தலைகீழாக்க வேண்டும். கோடோவுக்கும் யூனிட்டிக்கும் அப்படியே போகலாம்.

ஓட்டை என்பது ஓட்டை அல்ல, அந்தப் பரப்பு உள்பக்கம் பார்த்து நிற்கிறது. எஞ்சின் பின்பக்கத்தை வரையாது. ‘ஃபேஸ் ஓரியன்டேஷன்’ போட்டுப் பாருங்கள், சிவப்பாகத் தெரிபவற்றைத் திருப்புங்கள்.

19. மிக்சாமோ அனிமேஷனை என் ஆளுக்கு மாட்டலாமா? கேமைக் காசுக்கு வித்தா பிரச்சினை வருமா?

மாட்டலாம். ஆயத்த அசைவுகள் தரும், 2015 முதல் அடோபியிடம் இருக்கும் தளம் அது, இலவசக் கணக்கு போதும். உங்கள் கேமில் சேர்த்து விற்கலாம். அந்த அசைவுக் கோப்புகளை மட்டும் தனியாக விற்கவோ பகிரவோ கூடாது. மாடலே செய்ய நேரமில்லை என்றால் கென்னி, குவாட்டர்னியஸ் போன்றவர்கள் சிசி0 உரிமத்தில் (யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்) தரும் மாடல்கள் இருக்கின்றன. 4-இல் சொன்ன ஒத்திகைக்கு அவற்றைக்கூடப் பயன்படுத்தலாம்.

எலும்புப் பெயர் வேறாக இருப்பது சிக்கல் இல்லை. கோடோவின் இம்போர்ட் பெட்டியில் எலும்புக்கூட்டைத் தேர்ந்து ‘போன் மேப்’ கொடுத்து, மனித வடிவத்துக்கான 56 எலும்புப் பட்டியலோடு பொருத்துங்கள். மிக்சாமோ கோப்பையும் உங்கள் ஆளையும் இதே பட்டியலோடு பொருத்தினால் ஒருவர் அசைவு மற்றவருக்குப் பொருந்தும். நான்கு கதாபாத்திரம் இருந்தால் நான்கு முறை நடக்கவைக்க வேண்டியதில்லை என்பதற்கும் இதுதான் வழி. குள்ளனுக்கும் நெட்டையனுக்கும் ஒரே நடை போட்டால் பாதம் வழுக்கும், அப்போது 13-க்குத் திரும்புங்கள்.

20. வாய் அசையணும், தமிழ்ல பேசணும். எத்தனை வாய் வடிவம் செய்யணும்?

ஷேப் கீ (மெஷ்ஷின் மாற்று வடிவம்) மூலம் செய்யுங்கள், ஜிஎல்டிஎஃப்பில் வரும். ஆனால் எக்ஸ்போர்ட்டில் ‘அப்ளை மாடிஃபயர்ஸ்’ போட்டால் ஷேப் கீக்கள் உதிர்ந்துவிடும், அதனால் மிரர் போன்றவற்றை முன்பே அப்ளை செய்துவிட்டுத்தான் ஷேப் கீயே தொடங்க வேண்டும்.

தமிழுக்கு வடிவங்கள் குறைவாகவே போதும். அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து. நெடிலுக்குத் தனி வடிவம் தேவையில்லை, அதே வடிவத்தைக் கூடுதல் நேரம் பிடித்தால் ஆகிவிட்டது. ப, ம இரண்டுக்கும் உதடு மூடிய ஒரு வடிவம், வ-வுக்குப் பல் கீழுதட்டைத் தொடும் ஒன்று. மற்ற மெய்யெல்லாம் உள்ளே நாக்கு செய்யும் வேலை, கேம் தூரத்தில் தெரியாது. ‘அம்மா’ என்று சொல்லும்போது உதடு மூடியே நிற்கும் அந்த நேரம் சரியாக விழுந்தால் பார்ப்பவர் மற்றதை நம்பிவிடுவார்.

21. வேட்டி, புடவை, பின்னல் சடை இதெல்லாம் எப்படி அசைக்கிறது? மிக்சாமோல போட்டா வேட்டி கிழிஞ்சு ரெண்டா போகுது.

தானியங்கி வெயிட் வேட்டியின் இடப் பாதியை இடக்காலுக்கும் வலப் பாதியை வலக்காலுக்கும் எழுதிக்கொடுத்துவிடுகிறது, அதனால்தான் கிழிசல். வேட்டிக்குத் தனி எலும்புகள் வையுங்கள்: இடுப்பிலிருந்து தொங்கும்படி முன்னால், பின்னால், இரு பக்கம், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கணு. முன் எலும்புகள் தொடையைப் பாதியளவு பின்தொடரட்டும். உள்ளே மறையும் கால் பகுதியை மெஷ்ஷிலிருந்தே நீக்கிவிடுங்கள், துணியைத் துளைத்துக்கொண்டு முட்டி வெளியே வராது. மடித்துக் கட்டிய வேட்டி என்றால் தொல்லை பாதி குறையும். நடு மடிப்பை மட்டும் தனியாகத் தொங்கவிட்டால் போதும்.

புடவை முந்தானைக்கும் சடைக்கும் எலும்புச் சங்கிலி. பிளெண்டரின் துணி சிமுலேஷன் எஞ்சினுக்கு வராது. கோடோ 4.4 முதல் ‘ஸ்பிரிங்போன் சிமுலேட்டர்’ என்ற கணு இருக்கிறது, சங்கிலியை அதனிடம் கொடுத்தால் ஓடும்போது தானே ஆடும். சடை முதுகுக்குள் புகுந்துவிடாமல் இருக்க முதுகில் ஒரு மோதல் உருளையையும் அதனோடு சேர்த்துக் கொடுங்கள். விறைப்பைக் கூட்டியே ஆரம்பியுங்கள். தொளதொளவென்று விட்டால் ஆள் நின்றபிறகும் சடை ஆடிக்கொண்டே இருக்கும்.

22. எல்லாம் சரியா வருது. ஆனா ஓடிட்டு இருக்கும்போது குதிச்சா படக்குனு வெட்டுது.

ஒரு அசைவு நின்ற கணத்தில் மற்றது தொடங்குகிறது, இடையில் கலவை இல்லை. கோடோவில் அனிமேஷன்ட்ரீ (அசைவுகளைக் கலக்கும் கணு) வைத்து, நிலைகளுக்கிடையே மாறும் நேரத்தை 0.1 முதல் 0.2 நொடி என்று கொடுங்கள். நடையையும் ஓட்டத்தையும் வேகத்துக்கேற்பக் கலக்க பிளெண்ட் ஸ்பேஸ் இருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டிலும் இடது கால் தொடும் நேரம் விகிதத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். நடையில் முதல் ஃப்ரேமில் இடக்கால், ஓட்டத்தில் முதல் ஃப்ரேமில் வலக்கால் என்றிருந்தால் கலக்கும்போது கால்கள் பின்னிக்கொள்ளும். ஓட்டத்தின் கீக்களை அரைச் சுற்று நகர்த்தி, இரண்டையும் இடக்காலில் தொடங்கவையுங்கள். குதிப்புக்கு மட்டும் கலவையை 0.05-க்குக் குறைத்துக்கொள்ளலாம். பட்டன் அழுத்தியவருக்கு அங்கே தாமதம் பிடிக்காது.